வணக்கமும் கண்ணியமும்

இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில், பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பினார் தியாகி சுப்பிரமணிய சிவா. சிறையில் தொற்றிய தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து விடுதலை முழக்கம் செய்தவர் அவர். 1923ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவ்வாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பணி நிறைவேறு முன்னரே, 1925 ஜூலை 23ஆம் நாள், சிவா அவ்வூரிலேயே கண்மூடினார். நெடுங்காலத்திற்குப் பின் தமிழக அரசு அங்கே எழுப்பிய கட்டடத்துக்குப் ‘பாரத மாதா நினைவாலயம்’ என்று பெயர். அது நினைவிடமா, ஆலயமா? 2022 ஆகஸ்டில் அதன் பூட்டை உடைத்துச் சிலர் உள்ளே நுழைந்ததும், அதன்பேரில் கைது நடவடிக்கை தொடர்ந்ததும், இக்கேள்வியை வீதிக்கே கொண்டுவந்து விட்டன.

நாட்டுப்பற்றும் ஒரு மதந்தானா என்று அறிஞர் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம், சமய வாழ்வின் அடிப்படை வடிவங்களைப் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் குலக்குறி வழிபாட்டை ஆராய்ந்து, மனிதன் தெய்வமென வணங்குவது தன் சமுதாயத்தையே என்ற முடிவுக்கு வந்தார். கொடிக்காக உயிர்விடும் போர்வீரனையும் அவர் இதற்குச் சான்றாக்கினார். இந்த அளவுகோலைக் கொண்டால் பாரத மாதாவின் பக்தரும், தலைவர் சமாதியில் மலர் தூவுவோரும், திரை நடிகரின் உருவத்துக்குப் பாலாபிஷேகம் செய்யும் இளைஞரும் ஒரே வரிசையில் வந்து நிற்பர்.

இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மதம் தளர்ந்துவிட்டதாகக் கூறப்படும் காலத்திலும் மனிதன் புனிதங்களைப் படைத்துக் கொண்டே இருக்கிறான். ஆனால் இவ்வளவுகோல் செயலின் வடிவத்தைக் காண்கிறதேயன்றி, நிய்யத்தைக் காண்பதில்லை. மாலையிடும் இருவரில் ஒருவர் நன்றி செலுத்தலாம். மற்றவர் வரம் கேட்கலாம். ‘நாட்டை நேசிக்கிறேன், ஆயினும் வணங்க மாட்டேன்’ என்பவனைத் துர்க்கைம் எவ்விடத்தில் வைப்பார்?

இத்தகையோர் கற்பனை மாந்தர் அல்லர். வந்தே மாதரம் பாடலில் தேவியைப் போற்றும் பகுதிகளை முஸ்லிம்கள் ஏற்க இயலாதென்றபோது, முதலிரு பாக்களைப் பாடினால் போதும் என்று 1937 அக்டோபரில் காங்கிரஸ் செயற்குழு முடிவு செய்தது. காந்தியடிகள் 1936இல் திறந்துவைத்த காசிப் பாரத மாதா கோயிலில் விக்கிரகம் இல்லை. சலவைக்கல்லில் செதுக்கிய நாட்டின் வரைபடமே உண்டு. அன்புக்கும் வழிபாட்டுக்கும் இடையே ஒரு கோடு உண்டென்பதை அன்றைய தலைவர்கள் உணர்ந்தே இருந்தனர்.

‘மக்காவுக்குச் செல்லும் பாதை’யை எழுதிய முஹம்மது அசத் அவர்களை நம் வாசகர் அறிவர். அவர்தம் மகனார் தலால் அசத் மானிடவியல் அறிஞர். எக்காலத்துக்கும் எச்சமுதாயத்துக்கும் பொருந்தும்படி மதத்துக்கு ஓர் இலக்கணம் வகுக்க இயலாது என்று 1993இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். 2003இல் வந்த மற்றொரு நூலில், தேசியத்தை உருமாறிய மதமென்று கொள்வதையும் மறுத்தார். நமக்கு இப்பார்வையே நேர்மையானதாகப் படுகிறது. சிவாவுக்கு நாட்டுப்பணி வழிபாடு. அதே போராட்டத்தில் சிறை புகுந்த முஸ்லிம் தொண்டருக்கு அது கடமை. இரண்டும் ஒன்றே என்றால் இருவருக்குமே நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம்.

ஆனால் பிறரிடம் கேட்கும் இந்நீதியை நம் வீட்டில் வழங்குகிறோமா? தர்காவில் போர்வை போர்த்தி நிற்பவரைக் கண்டவுடன் ஷிர்க் என்று தீர்ப்பளிக்கச் சிலர் விரைகின்றனர். அவரது நிய்யத்தை யார் கேட்டார்? வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. எனினும் தமிழில் ‘வணக்கம்’ என்னும் ஒரே சொல், இபாதத்தையும் குறிக்கிறது. தெருவில் எதிர்ப்படுவோர்க்குக் கூறும் முகமனையும் குறிக்கிறது. சொல் ஒன்றாயிருப்பதால் செயலும் ஒன்றாகி விடுவதில்லை. செயல் ஒன்றாய்த் தோன்றுவதால் உள்ளமும் ஒன்றென்று கொள்வதற்கில்லை. நம்மைப் பற்றி எழுதும் ஆய்வாளரும், நம்மிடையே தீர்ப்புக் கூறுவோரும் இதை ஒருங்கே நினைவிற் கொள்வது நலம்.