தண்டர்பேர்டின் பாடபேதங்கள்

கிளாவரையோடு பஸ் போகும் சாலை முடிகிறது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தால் பஸ் திரும்பி நிற்கும் இடம். அதற்கப்பால் கேரளத்து வட்டவடைக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். பூண்டு, உருளை, பீன்ஸ், கேரட். அங்கே ஒரு கொட்டகை ஓரத்தில் என் தாய்மாமாவின் 2004 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு நின்றுகொண்டிருந்தது. மாமா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வண்டியைப் பார்த்ததும் எனக்குத் துக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. டேங்க்குக்கு ஜீப்பில் அடித்து மிஞ்சிய பச்சை. ஹேண்டில்பார் தோளுக்கு மேலே போகிற உயரம். கேட், கிரில் பற்றவைக்கும் பட்டறையில் குழாயை வளைத்துச் செய்தது. முன்சக்கர மட்கார்டை வாஷர் கொடுத்து இரண்டு விரல் அளவு தூக்கியிருந்தார். சீட்டுக்குப் பின்னால் இடுப்புயரக் கம்பிச் சட்டம். பக்கத்துக்கொரு கித்தான் பை. கைப்பிடியில் சிவப்பு, மஞ்சள் குஞ்சம். பின்பக்கம் ‘குழந்தை வேலப்பர் துணை’.

மாமா மகனுக்கு இருபது வயது. அவன்தான் வரச் சொல்லியிருந்தான். “மேட் பிளாக் அடிச்சுரலாம் அத்தான். எல்இடி போட்டு, சைலன்சர மாத்திட்டா ஆளே அடையாளம் தெரியாது.” எனக்கோ வேறு திட்டம். பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டுவிட வேண்டும். ‘ஸ்டாக் கண்டிஷன்’ என்ற சொல்லை நாங்கள், அதாவது பழைய வண்டிப் பைத்தியங்கள், கோயில் பிரசாதம் போலக் கையில் ஏந்திச் சொல்வோம். அத்தைக்கு இரண்டுமே புரியவில்லை. “ஓடுதுல்லய்யா? ஓடுற வண்டிய எதுக்குப் பிரிச்சுப் போடணும்?”

ஆக ஒரு பிரதிக்கு மூன்று வாசகர்கள்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையிலிருந்த ஏடுகளெல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு வடிவம். எது மூலம், எது ஏடெழுதியவரின் கைப்பிழை, எது எவரோ வேண்டுமென்றே சேர்த்தது என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒதுக்கிய பாடத்தை அவர் குப்பையில் போடும் ஆளில்லை. பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் அதற்கும் ஓர் இடம் கொடுப்பார். நான் மாமாவின் வண்டியில் செய்ய நினைத்தது அதைவிட முரட்டுத்தனமான வேலை. அடிக்குறிப்பே இல்லாத பதிப்பு.

சரி, மூலம் என்று எதைச் சொல்கிறேன்? தண்டர்பேர்டு 2002இல் சந்தைக்கு வந்தது. திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்த கம்பெனி, ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 350 சிசி லீன் பர்ன் எஞ்சினை வைத்துச் செய்த குரூசர். கண்ணீர்த்துளி டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார், படிபோல இறங்கும் சீட், நிறையக் குரோமியம். இதில் எதுவும் திருவொற்றியூரில் பிறந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், கனமான ஹார்லிகளின் மட்கார்டை வெட்டி, வேண்டாததைக் கழற்றி எறிந்தார்கள். வெட்டியதால்தான் ‘சாப்பர்’ என்று பெயர். 1969இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்தின் வண்டிகளை உலகமே பார்த்தது. பழைய போலீஸ் ஹார்லிகளை உடைத்து அவற்றைச் செய்த பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கர்களின் பெயர் மட்டும் பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 1971இல் ஹார்லி கம்பெனியே சூப்பர் கிளைடு என்ற வண்டியைக் கொண்டுவந்தது. தெருப் பட்டறைக்காரர்கள் செய்ததைத் தொழிற்சாலை நகலெடுத்து விற்ற வண்டி அது. அங்கிருந்துதான் ‘குரூசர் தோற்றம்’ என்ற ஒன்று உலகம் முழுக்கப் பரவியது.

பெயரும் இரவல். தண்டர்பேர்டு என்பது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதைகளில் வரும் இடிப்பறவை. பிரிட்டனின் டிரையம்ஃப் கம்பெனி 1949இல் தன் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தது. 1953இல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ ஓட்டுவது அதைத்தான். ஆக நான் தெய்வமாகக் கும்பிட்ட மூலப்பிரதி என்பது பெயர் தெரியாத பலர் வெட்டி ஒட்டியதன் நகலுக்கு நகல். மலையேறும்போது வத்தலக்குண்டில் டீ குடித்தேன். பி.எஸ். ராமையாவின் பெயரிலுள்ள ‘பி’ இந்த ஊர்தான்; வெள்ளைக்காரன் வாயில் பட்லகுண்டு. அந்தத் திரிபையே ஓர் எழுத்தாளர் தன் முதலெழுத்தாக வைத்துக்கொண்டார், ஒருத்தரும் அதைத் திருத்தப் போகவில்லை.

அரசாங்கத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி. புத்தகம்தான் மூலம். எடுத்துப் பார்த்தேன். நிறம்: கறுப்பு. அப்படிப் பார்த்தால் மேட் பிளாக் கேட்ட பயல்தான் எங்கள் மூவரில் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன்!

இரண்டு நாள் அந்த வண்டியை ஓட்டினேன். ஒரு கவிதையை வரிவரியாக அலசுவதுபோல ஒவ்வொரு மாற்றமாகப் பார்க்க வேண்டும் என்று எண்ணம்.

மட்கார்டைத் தூக்கியது சரியான திருத்தம். மழையில் தோட்டத்துப் பாதையின் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. அந்த இரண்டு விரல் இடைவெளியை எந்த டிசைன் பள்ளியும் மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்சட்டம் அதைவிட அருமை. குரூசரில் அது பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள இருப்பது. மாமா அதைப் பூண்டு மூட்டை சாய்கிற அளவுக்கு வளர்த்து, கயிறு கட்டக் கொக்கியும் வைத்திருந்தார். சாய்வு கச்சிதம். மேட்டில் ஏறும்போது மூட்டை முதுகில் இடிக்காது, வடுகபட்டி சந்தைக்கு இறங்கும்போது முன்னாலும் சரியாது.

கித்தான் பைகளைப் பார்த்துத்தான் ரொம்ப நேரம் நின்றேன். அமெரிக்கக் குரூசர் தன்னைக் குதிரை என்று நினைத்துக்கொண்ட வண்டி. தோல் பை, கைப்பிடியில் தொங்கும் தோல் இழைகள், காலை நீட்டிப் பின்னால் சாய்ந்த இருப்பு எல்லாமே கௌபாயின் நினைவு. குதிரை போய்விட்ட நாட்டில் குதிரைக்கான ஏக்கம். கிளாவரையிலோ இன்றும் பொதிக்குதிரை இருக்கிறது. வண்டி போகாத தோட்டத்திலிருந்து மூட்டை அதன் முதுகில்தான் வருகிறது. மாமாவின் பைகள் அவருடைய பழைய குதிரையின் பொதிப்பைகள். குஞ்சமும் அந்தக் குதிரையின் கழுத்தில் கிடந்ததுதான். ஒரு கண்டத்தில் வெறும் ஏக்கமாக மிஞ்சியதை இங்கே ஒருவர் கொட்டகையில் கைநீட்டி எடுத்து மாட்டியிருக்கிறார்.

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நகரத்துக்காரன் அழகுக்காக மாற்றுகிறான், மலைக்காரன் தேவைக்காக மாற்றுகிறான் என்று ஒரு வாக்கியம் மனதில் தயாராகவே இருந்தது. அதைக் கெடுத்தது ஹேண்டில்பார்.

அதற்கும் ஒரு தேவையைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் நீளமானதாக மாற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் கை எட்டாது, உடம்பையே திருப்ப வேண்டும். தோளுக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு மார்கழிப் பனியில் ஓட்டினால் பத்து கிலோமீட்டரில் விரல் மரத்துவிடும். எனக்கு மரத்தது. அத்தையிடம் கேட்டேன்.

“டீவியில ஏதோ இங்கிலீஸ் படம் பாத்தாரு. அதுல ஒருத்தன் இப்பிடித்தான் கைய மேல தூக்கிக்கிட்டுப் போவானாம். மறுவாரமே போயி மாட்டிக்கிட்டு வந்துட்டாரு. ராத்திரி கொடைக்கானல்ல இருந்து வந்தா வெரல மடக்க முடியாது, அடுப்புல காட்டிக்கிட்டே உக்காந்துருப்பாரு. கழட்டித் தொலைங்கன்னா கேக்க மாட்டாரு.”

பக்கத்திலிருந்த பையன் விடவில்லை. “நான் யூடியூப் பாத்துக் கேட்டா மட்டும் மூஞ்சியச் சுழிக்கிறீங்க. அப்பாவும் படம் பாத்துத்தான அத்தான் வச்சாரு?”

சுழித்தேன்தான். மட்கார்டையும் சட்டத்தையும் நான் பாராட்டியதில் ஒரு கஞ்சத்தனம் இருந்தது. பூண்டு விவசாயிக்குப் புத்திசாலித்தனத்தை அனுமதிப்பேன், பகட்டை அனுமதிக்க மாட்டேன். நம் விமர்சனத்திலும் இது நடக்கிறது. கிராமத்திலிருந்து எழுத வருகிறவரின் வட்டார வழக்கையும் வாழ்க்கைத் தகவல்களையும் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம். அவரே கொஞ்சம் அலங்காரமாக, காரணமில்லாமல், எங்கோ படித்த மயக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் ‘இது அவருடைய குரல் இல்லை’ என்கிறோம். மாமாவின் ஹேண்டில்பார் அப்படியொரு வரி. அந்த வண்டியில் அவர் தனக்காக மட்டும் செய்துகொண்டது அது ஒன்றுதான். அதற்கு விரல்களைக் கூலியாகக் கொடுத்தார்.

இதைச் சொன்ன பிறகும் அது மோசமான வேலை என்று எழுதாவிட்டால் நான் விமர்சகனில்லை, உறவுக்காரன். குழாயின் கனம் போதாது. துடைத்துப் பார்த்தபோது பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல விரிசல். ஏதாவது ஒரு வளைவில் கையோடு வந்திருக்கும். அன்றே கழற்றச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அத்தை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மதுரைக்குத் திரும்பிவிட்டேன். பிறகு நடந்ததெல்லாம் அவன் முடிவு. கனமான குழாயில், ஒரு நல்ல பட்டறையில், புது ஹேண்டில்பார் செய்து மாட்டியிருக்கிறான். போட்டோ அனுப்பினான். அதே உயரம். “அது மட்டும் அப்பா வச்ச மாதிரியே இருக்கட்டும்னு தோணுச்சு அத்தான்.” பையும் சட்டமும் அப்படியே இருந்தன. குஞ்சத்தைக் காணோம். டேங்க் மேட் பிளாக். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு அடிக்கச் சொல்லியிருந்தேன். செலவு அதிகம் என்று மேலேயே அடித்துவிட்டார்கள்.

போன வாரம் போன் செய்தான். டேங்க் மூடியைச் சுற்றிக் கறுப்பு உரிய ஆரம்பித்து, கீழே பச்சை தெரிகிறதாம்.

“சுரண்டிட்டு அடிக்கவா அத்தான், இல்ல இதுக்கு மேலயே இன்னொரு கோட்டிங் குடுத்துரவா?”

வடுகபட்டியில் பூண்டு என்ன விலை போகிறது என்று கேட்டேன்.