முடிவெடுக்காத கோடு

கிறுக்கல் படங்களைப் பற்றி நம்மிடம் ஒரு சோம்பேறிப் புகழ்ச்சி உண்டு. கைக்குக் கிடைத்த தாளில் மேதை ரெண்டு கோடு போட்டாராம், கட்டடம் எழுந்துருச்சாம். இந்திய ரூபாய்ச் சின்னத்தைப் பற்றித் தமிழில் நான் படித்த பாராட்டுகளும் இதே ரகம்தான்: ஒரு தமிழர், ஒரு பொறி, ஒரு சின்னம்.

அதை வரைந்த டி. உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். மும்பை ஐஐடியில் முனைவர் பட்டத்துக்குத் தமிழ் எழுத்துகளின் அச்சுவடிவத்தை ஆராய்ந்தவர். 2010 ஜூலை 15 அன்று இந்திய அமைச்சரவை அவர் வடிவத்தை ஏற்றது. ஒரு கண்ணுக்கு அது தேவநாகரி 'ர'. இன்னொரு கண்ணுக்கு, நிமிர்ந்த காலை இழந்த ரோமன் 'ஆர்'. இரண்டில் எது என்று முடிவெடுக்காமல் நிற்பதுதான் அதன் பலம்.

இப்படி முடிவெடுக்காமல் நிற்பதைத்தான் வினோத் கோயல் 1995-இல் வந்த 'ஸ்கெட்சஸ் ஆஃப் தாட்' நூலில் ஆராய்கிறார். வடிவமைப்பாளர்களைச் சில வேலைகளைக் கையாலும் சில வேலைகளை மேக்டிரா மென்பொருளிலும் வரைய வைத்தார். கையால் வரைந்தபோது ஒரு யோசனையிலிருந்து பக்கத்து யோசனைக்குத் தாவுவது அதிகம் நடந்தது. கைக்கோட்டின் தெளிவின்மைதான் அதற்கு உதவுகிறது என்பது அவர் வாதம்.

இதை நம்ப எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜிக் வடிவமைக்கிறேன். துளை போடும்போது பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனம். கணினியில் கோடு இழுத்தால் உடனே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும். டெலிவரி ஆர்டரின் பின்பக்கம் பென்சிலில் போட்ட கோடு எதையும் கேட்காது. கிளாம்ப் என்று நினைத்து ஒரு வளைவு போட்டேன். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "இது என்னா தம்பி, ஸ்பிரிங்கா?" என்றார். கடைசியில் ஸ்பிரிங்தான் வேலைக்கு ஆனது.

கோயலோடு எனக்கு இடிக்கும் இடமும் இதுதான். அவர் கவனமெல்லாம் வரைபவர் மேல். ஆனால் என் வளைவை ஸ்பிரிங் ஆக்கியது இன்னொருத்தர் கண். எந்தக் கோடும் தன்னளவில் இரட்டை அர்த்தம் கொண்டதில்லை; பார்ப்பவர் என்ன எழுத்து படித்தவர் என்பதைப் பொறுத்தது அது. ரூபாய்ச் சின்னத்தின் உச்சியில் ஓடும் தலைக்கோடு தேவநாகரிக்கு உரியது. தமிழ் எழுத்துகளுக்கு அது கிடையாது. தமிழ் எழுத்தை மட்டுமே அறிந்த ஒரு பாட்டிக்கு அந்தச் சின்னத்தில் இரண்டு வாசிப்பு இல்லை, ஒன்றுகூட இல்லை. தமிழ் எழுத்தின் உடற்கூற்றை அறிந்தவர் கையிலிருந்து வந்ததாலேயே இது என்னை உறுத்துகிறது. மூன்றாவது எழுத்து உள்ளே வர வேண்டுமென்றால் கிறுக்கல் கட்டத்திலேயே வந்திருக்க வேண்டும். அளவுகள் கறாரான பிறகு அதற்கு இடமில்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு 'ரூ' வைத்தது. நான் பார்த்த சண்டையெல்லாம் கட்சியும் மொழியும்தான். வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலக்கிய நண்பர்களும் விதிவிலக்கில்லை. ஒரு கவிதையில் சொல் இடம் மாறினால் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள்!

'ரூ'வின் கீழ்ச்சுழியைச் சின்னத்தின் சாய்கோட்டில் ஒட்டினால் என்ன ஆகும் என்று நானும் கிறுக்கிப் பார்த்தேன். பதினொன்றில் பத்து அசிங்கம். மிச்சம் ஒன்றை நண்பனிடம் காட்டினேன். "தூண்டில் முள்ளா?" என்றான்.