பின் சீட்டை மடக்கினால் ஒரு வீடே கிடைக்கும்!

பின் சீட்டின் முதுகை முன்னால் சாய்த்து, அடியோடு தூக்கிப் புரட்டினால், அது போய் முன் சீட்டுக்குப் பின்னால் ‘டொப்’பென்று நிமிர்ந்து நிற்கும் பாருங்கள், அந்த நொடிக்காகவே காரணமில்லாமல் மடக்கி மடக்கி விரிக்கிற ஆள் நான்! கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் ஒருதரம் மடக்கிப் பார்ப்பேன். எங்கள் வீட்டு ஜீப் ஹொண்டா சி.ஆர்.வி., 1995இல் ஜப்பானில் அறிமுகமான அந்த முதல் வடிவம். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மலைகளுக்கு நடுவே, ஸ்பெயார் டயரை முதுகில் சுமந்துகொண்டு ஏறி வரும்போது சாதாரணக் குடும்ப வண்டி என்றுதான் நினைப்பீர்கள். பின்கதவைத் திறந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்!

பின் சீட் நடுவில் சரிபாதியாகப் பிரியும். ஒரு பாதியை மடக்கிச் சாமானை அடுக்கிவிட்டு, மறு பாதியின் முதுகைக் கொஞ்சம் சரித்து அம்மாயியைச் சாய்ந்து உட்கார வைக்கலாம். இரண்டு பாதியையும் புரட்டிவிட்டால் பின்னால் ஒரு குட்டி லொறி! பின்கதவின் கண்ணாடி தனியாக மேலே திறக்கும், அதற்கப்புறம் கதவு பக்கவாட்டில் விரியும். மாரியம்மன் கோயில் திருவிழாக் காலையை மனசுக்குள் கொண்டுவாருங்கள்: தப்புச் சத்தம் மலையில் முட்டித் திரும்பி வருகிறது, நாங்கள் கிடாரத்தை ஏற்றுகிறோம், அரிசி மூட்டையை ஏற்றுகிறோம், வாழைக்குலையை ஏற்றுகிறோம், கரும்புக் கட்டின் நுனி கண்ணாடி வழியே வெளியே எட்டிப் பார்க்கிறது, இன்னும் இடம் இருக்கிறது, இன்னும் இருக்கிறது!

கித்துல்கலைக்கு வாருங்கள் இப்போது. 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்குப் பாலம் கட்டிப் படம் பிடித்த அதே களனி கங்கைக் கரை. ஜீப்பின் பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்குகிறேன், அடியில் மடங்கிக் கிடக்கும் கால்களை விரிக்கிறேன், அது மேசையாகிவிடுகிறது! ஆமாம், வண்டியின் தரையே சாப்பாட்டு மேசை! ரொட்டி, கட்டச்சம்பல், பிளாஸ்கில் சுடச்சுடத் தேத்தண்ணி. ஆற்றுக் காற்றில் சம்பலின் காரம் மூக்கில் ஏற, பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் வந்து மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எனக்குக் கால் தரையில் படவில்லை!

எல்லாவற்றுக்கும் சிகரம் நல்லதண்ணி. மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் நீளுகிற சிவனொளிபாதமலைப் பருவத்தில், கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்று வளைந்து வளைந்து போய், படியெல்லாம் ஏறி, சூரியன் எழுவதைக் கும்பிட்டுவிட்டு, முழங்கால் வெடவெடக்க இறங்கி வருகிறோம், கற்பனை செய்யுங்கள், குளிரில் பல் தந்தியடிக்கிறது, படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது, நானோ முன் சீட்டுகளின் தலையணையைக் கழற்றுகிறேன், முதுகைப் பின்னால் சாய்க்கிறேன், இன்னும் சாய்க்கிறேன், அது பின் சீட்டோடு போய்ச் சேர்ந்து ஒரே படுக்கையாக நீள்கிறது! நடுவில் சின்ன மேடு ஒன்று இருக்கும், ஒரு போர்வையை மடித்துப் போட்டால் அதுவும் தெரியாது. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டுப் பனித்திருக்க, மாமா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, “மருமகனே, நம்ம லயத்துக் காம்பரா மாதிரியே இருக்குடா!” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பகலில் பாய் சுருண்டு மூலையில் ஏற, அதே காம்பராவில் விருந்தாளி உட்காருவார்; இரவில் பாய் விரிய, அதே காம்பராவில் வீடு முழுக்கத் தூங்கும். ஓர் இடத்தை நாலு இடமாக்கத் தெரிந்த சனங்கள் நாங்கள். மடங்கி விரிகிற இந்தச் சீட்டின் அருமை எங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்!

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் புது வண்டிக்கு ஏங்காமல், இருந்த வண்டியையே நாளுக்கொரு விதமாக மாற்றி மாற்றி வாழ்ந்தோம். இப்போது பளபளவென்று புதுசுகள் வரட்டுமே, வரவேற்போம்! ஆனால் பழைய சி.ஆர்.வி. ஒன்று விலைக்கு வந்தால் எஞ்சின் மூடியைப் பிறகு திறக்கலாம், முதலில் பின்னால் போங்கள். இரண்டு சீட்டையும் புரட்டுங்கள், தரைப்பலகையைத் தூக்கிக் கால்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், முன் சீட்டைச் சாய்த்து ஒருதரம் படுத்தே பாருங்கள். எழும்ப மனசு வராது, எழுதித் தருகிறேன்!