சிட்டியின் சிவப்பு சிப்

'எந்திரன்' (2010) மறுபடி டி.வி-யில் பார்த்தேன். சிட்டி காதலிக்கிறது, கோபப்படுகிறது, சரி. ஆனால், அது முழு வில்லனாக ஒரு சிவப்பு சிப்பைச் செருகவேண்டியிருக்கிறது. பிடுங்கினால் சமர்த்து! அங்கேதான் உதைக்கிறது.

மூளையைக் காப்பியடித்து இன்டெல் 2017-ல் அறிவித்த 'லோஹி' சிப்பில் சுமார் 1,30,000 செயற்கை நியூரான்கள். அவற்றின் இணைப்புகள் அனுபவத்தில் வலுக்கும், இளைக்கும். கற்றல் என்பது அவ்வளவுதான். கற்றது ஓரிடத்தில் இருக்காது, பரவிக்கிடக்கும்.

நாமும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மோட்டார் சத்தத்தை வைத்தே 'பேரிங் போச்சு' என்கிற ஃபிட்டரிடம் எப்போது கற்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

இப்படிக் கற்கும் மிஷின் கெட்டுப்போனால் பிடுங்க சிவப்பு சிப் இருக்காது. யார், என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் விசாரிக்கவேண்டும். ஷங்கர் அதைப் படமெடுத்திருக்கலாம்.