கட்டிலோடு சேரும் தொட்டில்: வாங்கும் முன் கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

பெட்சைடு கிரிப் என்ற பெயரில் கடைகளில் விற்கும் தொட்டிலின் அமைப்பு எளிது. மூன்று பக்கம் சுவர், பெரும்பாலும் வலைத்துணி. நான்காவது பக்கத்தின் ஜிப்பைத் திறந்து இறக்கினால், அம்மா படுத்திருக்கும் கட்டிலோடு தொட்டில் ஒட்டி நிற்கும். நள்ளிரவில் குழந்தை சிணுங்கினால் கட்டிலைவிட்டு இறங்காமலே கையை நீட்டித் தொடலாம், பக்கத்தில் இழுத்துப் பால் கொடுக்கலாம், மறுபடி அதன் இடத்தில் கிடத்தலாம். சிசேரியன் ஆன உடம்புக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் தங்கையின் பிள்ளைப்பேற்றின்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். தையல் போட்ட வயிற்றோடு எழுந்து, குனிந்து, குழந்தையைத் தூக்குவது முதல் சில வாரங்கள் அவளால் முடியவே இல்லை.

அதனால்தான் வாங்கினோம். எங்கள் அம்மா வீட்டிலும், பிறகு அவளுடைய புகுந்த வீட்டிலும் தொட்டிலைப் பொருத்தியது நான்தான். வாங்குவதற்கு முன் கடைகளில் வேறுவேறு மாடல்களைப் பிரித்து, பூட்டி, ஆட்டியும் பார்த்தேன். அதில் எனக்கு உறுதியானது ஒன்று: இந்தத் தொட்டிலின் பாதுகாப்பில் பாதிதான் பெட்டிக்குள் வருகிறது. மீதிப் பாதி உங்கள் கட்டிலைப் பொறுத்தது. தொட்டிலும் கட்டிலும் சேரும் அந்த ஒரு கோடு சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஆபத்தான பொருளே.

அந்த இணைப்பைப் பற்றிப் பேசும் முன், இப்படி ஒரு பொருள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் அவர்கள் படுக்கையில் அல்லாமல் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும், குறைந்தது முதல் 6 மாதங்களாவது அப்படி இருப்பது நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நம் வீடுகளில் அம்மாவின் அணைப்பிலேயே குழந்தை தூங்குவதுதான் வழக்கம். பிரிக்க மனம் வராது. பிரிக்காமலே பிரித்துவைக்கும் ஏற்பாடாக இந்தத் தொட்டில் வருகிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் பால், பிரசவ வார்டில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டிலோடு இணைந்த தொட்டிலில் இருந்த குழந்தைகள், தனித் தொட்டிலில் இருந்தவர்களைவிட அடிக்கடி பால் குடித்தார்கள் என்று கண்டார். அதே குழு பிறகு செய்த பெரிய ஆய்வில், தாய்ப்பால் கொடுக்கும் காலம் அதனால் நீளவில்லை. ஆக, இது அம்மாவின் வசதிக்கான கருவி. பாதுகாப்பைத் தானாகக் கொண்டுவரும் கருவி அல்ல. 2016-இல் அதே அமெரிக்க அகாடமி, போதிய ஆய்வுகள் இல்லாததால் பெட்சைடு தொட்டிலை ஆதரித்தோ எதிர்த்தோ பரிந்துரைக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னது. விளம்பரத்தில் இந்த வரி வராது. வாங்குபவர் மனதில் இருக்க வேண்டும்.

இப்போது கட்டிலுக்கு வருவோம்.

இந்தத் தொட்டில்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கட்டிலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. மெத்தை சட்டத்தின் விளிம்புவரை வரும். கட்டிலுக்கு அடியில் காலி இடம் இருக்கும். தொட்டிலின் கால்கள் அந்த இடத்துக்குள் நுழைந்துகொள்ளும். இரண்டு நீளமான பெல்ட்கள் கட்டில் சட்டத்தையோ மெத்தையையோ சுற்றி வந்து பக்கிளில் இறுகும். எங்கள் அம்மா வீட்டிலிருப்பது பழைய தேக்குக் கட்டில். அதன் பக்கச் சட்டம் மெத்தையைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கொஞ்சம் உயரமும் அதிகம். தொட்டிலை எவ்வளவு இறுக்கினாலும் அது சட்டத்தில்தான் முட்டி நிற்கிறது. பெரியவர் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பிறந்த குழந்தையின் முகம் அதில் புதைய அது போதும். கழுத்தைத் தூக்கித் திருப்பும் வலு அதற்கு இல்லை. துண்டைச் சுருட்டி அந்தப் பள்ளத்தை அடைக்கலாம் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். செய்யவே கூடாது. சுருட்டிய துணி நகரும், அவிழும், முகத்தின் மேல் வரும். கடைசியில் அந்த வீட்டில் இருந்தவரை நான்காவது பக்கத்தை ஏற்றிப் பூட்டி, கட்டிலுக்கு ஓர் அடி தள்ளித் தனித் தொட்டிலாகவே பயன்படுத்தினோம். கொஞ்சம் வசதி குறைந்தது. ஆனால் இரவில் பயமில்லாமல் தூங்கினோம்.

புகுந்த வீட்டில் வேறு சிக்கல். அங்கே இருப்பது அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். தரைவரை பலகை. தொட்டிலின் கால் நுழைய இடமில்லை, பெல்ட்டைச் சுற்றவும் வழியில்லை. கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் மாடல் என்பதால் தொட்டில் நெருங்கி நின்றது. பெல்ட்டை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, கட்டிலின் மறுபக்கம்வரை கொண்டுபோய் இறுக்கினேன். பிடித்தது. கால் மடங்காத மாடலாக இருந்தால் இந்தக் கட்டிலோடு சேர்ந்தே இருக்காது. இன்று நகரத்துக் குடியிருப்புகளில் பெட்டிக் கட்டில் அதிகம். ஆகவே கடைக்குப் போகும் முன் கட்டிலுக்கு அடியில் எத்தனை அங்குலம் காலி என்று பார்த்துவையுங்கள்.

அடுத்தது உயரம். தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்மட்டம்வரை டேப் வைத்து அளக்க வேண்டும், அதுவும் ஒருவர் விளிம்பில் படுத்திருக்கும்போது. இலவம்பஞ்சு மெத்தை ஆள் படுத்தால் நன்றாக அமுங்கும். தேங்காய் நார் மெத்தை அவ்வளவாக அமுங்காது. ஐரோப்பியத் தரம் இஎன் 1130, 2019-இல் திருத்தப்பட்டபோது, பக்கத்தை இறக்கிய பிறகும் குழந்தையின் மெத்தைக்கு மேல் குறைந்தது 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு நிற்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்தத் தடுப்பின் மேல்விளிம்பு பெரியவர் மெத்தையின் மட்டத்தில் வந்தால் சரி. குழந்தை அதற்குக் கீழே, தன் இடத்தில் இருக்கும். நம் சந்தையில் பக்கத்தை முழுவதும் இறக்கி, இரண்டு மெத்தையையும் ஒரே தளமாக்கும் மாடல்களும் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், கையை நீட்ட இன்னும் எளிது. ஆனால் அம்மாவின் போர்வையும் தலையணையும் தொட்டிலுக்குள் நழுவி வர எந்தத் தடையும் இல்லை. நான் தடுப்புள்ளதையே தேர்ந்தெடுப்பேன். அட்டைப்பெட்டியில் இஎன் 1130 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2906 என்று அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது, பெட்சைடு தொட்டிலுக்கென்றே எழுதப்பட்ட தரம்.

பொருத்திய பிறகு ஒரு சோதனை. குழந்தையை வைக்கும் முன் கட்டிலில் படுத்துக்கொண்டு தொட்டிலைக் காலாலும் கையாலும் பலமாகத் தள்ளுங்கள். இடைவெளி விரியவே கூடாது. ஒரு விரல் நுழையக் கூடாது. நம் வீடுகளின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் சக்கரம் வைத்த தொட்டில் பிரேக் போட்ட பிறகும் வழுக்குகிறது. ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்கள் மேல். பெல்ட் நாளுக்கு நாள் தளரும் என்பதால் தினமும் விளக்கணைக்கும் முன் இழுத்துப் பார்ப்பது என் தங்கையின் கணவருக்குப் பழக்கமாகிவிட்டது.

தொட்டிலோடு வரும் மெத்தை மெல்லியதாக, கெட்டியாகத்தான் இருக்கும். பார்த்தவுடன் "ஐயோ, இதிலா பிள்ளை படுக்கும்?" என்று பாட்டிமார் பதறுவார்கள். கெட்டியாக இருப்பதே சரி. மிருதுவான மெத்தையில் முகம் புதைந்தால் குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். மெத்தை போதுமான அளவு கெட்டியா என்று வீட்டிலேயே பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு முறை சொல்லித்தருகிறார்கள். 12 குறுந்தகடுகளை அடுக்கி மெத்தையின் மேல் வையுங்கள். அதன் மேல் திறக்காத ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளுங்கள். அதன் மேல் அதே மாதிரி இன்னொரு பெட்டியை அதே இடத்தில் படுக்கவையுங்கள். நீட்டிய பகுதி மெத்தையைத் தொட்டால் அது அளவுக்கு மீறி மிருது. தொட்டிலோடு வந்த மெத்தை மெல்லியது என்பதற்காக அதன் மேல் இன்னொரு மெத்தை போடாதீர்கள். மேலே போட்டது பக்கச் சுவரைவிட்டு விலகி, அங்கே புது இடுக்கு உருவாகும்.

மெத்தையின் மேல் என்ன போடலாம்? அளவாகத் தைத்த ஒரு விரிப்பு. அவ்வளவுதான். கடையில் எங்களுக்கு தலையணை, இரண்டு பக்கத் திண்டு, சுற்றுச் சுவர் மெத்தை, ரஜாய் எல்லாம் சேர்ந்த செட்டை "சார், இது ஃப்ரீ" என்று கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று திருப்பித் தந்தோம். சுற்றுச் சுவர் மெத்தைகளை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடைசெய்தது. நம் ஊரில் தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதே கணக்கில்தான் சேரும். குழந்தை விழித்திருக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சுங்கள், தொட்டிலுக்குள் தலையணை என்று எதுவும் வேண்டாம். விரிப்பின் மேல் தளர்வாகப் போடும் ரப்பர் ஷீட்டும் பழைய வேட்டித் துணியும் சுருங்கி முகத்துக்கு வரும். ஈரம் தாங்கும் உறை வேண்டுமென்றால் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகுகிற மாதிரி வாங்குங்கள்.

குழந்தையை எப்படிக் கிடத்துவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. "மல்லாக்கப் போட்டா பால் புரையேறும்மா, ஒருக்களிச்சுப் போடு" என்றார் தங்கையின் மாமியார். அவர் அக்கறையில் தவறில்லை. ஆனால் உடம்பின் அமைப்பு வேறு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. எதுக்களித்து வரும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். ஒருக்களித்துக் கிடத்தினாலோ சற்று நேரத்தில் குப்புறச் சரிந்துவிடும். இங்கிலாந்தில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் குழந்தைகளை மல்லாத்திக் கிடத்தச் சொல்லி இயக்கங்கள் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. இதை விளக்கிச் சொன்ன பிறகு மாமியாரே இரவில் எழுந்து பார்த்து, சரிந்திருந்தால் திருப்பிப்போட ஆரம்பித்தார்.

சில மாடல்களில் ஒரு பக்கக் காலை உயர்த்தித் தொட்டிலைச் சாய்க்கும் வசதி இருக்கிறது. எதுக்களிப்புக்கு நல்லது என்று அதைக் கூடுதல் சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். நான் அதைத் தொடவே மாட்டேன். சாய்வில் குழந்தை சறுக்கிக் கீழே இறங்கும், தாடை மார்பில் முட்டி மூச்சுப்பாதை சுருங்கும். அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ராக் அண்ட் ப்ளே என்ற சாய்வுத் தொட்டிலை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. சுமார் 47 லட்சம் தொட்டில்கள், அப்போதே 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். இன்று அங்கே 10 பாகைக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளை விற்க முடியாது. தூளியைப் பற்றியும் என் எண்ணம் இதிலிருந்துதான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக நாம் தூளியில் தூங்கி வளர்ந்தோம், அந்த ஆட்டத்துக்கு ஈடான தாலாட்டு இல்லை. ஆனால் உடல் வளைந்து, தாடை இறங்கி, துணி முகத்தோடு ஒட்டும் படுக்கை அது. பகலில், பெரியவர் ஒருவர் கண்ணெதிரே விழித்திருக்கும்போதும் கவனம் வேண்டும். எல்லோரும் தூங்கும் இரவில் வேண்டவே வேண்டாம். ஆட்டும் வசதியுள்ள பெட்சைடு தொட்டில் வாங்கினால், கட்டிலோடு இணைத்திருக்கும்போது ஆட்டத்தைப் பூட்டிவைப்பதும் அதேபோலக் கட்டாயம்.

நம் வெயிலுக்கு நான்கு புறமும் வலைத்துணி உள்ளதே நல்லது, மின்சாரம் போன இரவில் அந்த வித்தியாசம் தெரியும். குழந்தைக்கு சூடாக இருக்கிறதா என்று கை கால்களைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. பிடரியிலோ மார்பிலோ கை வையுங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கொசுவலை, தொட்டில் விளிம்பில் விறைப்பாக ஜிப் போடும் வகையாக இருக்கட்டும், தொங்கும் வலை வேண்டாம். கட்டில் ஓரத்தில் தொங்கும் செல்போன் சார்ஜர் வயரையும் ஜன்னல் திரைக் கயிறையும் தொட்டிலுக்கு எட்டாத பக்கம் மாற்றுங்கள்.

பாயிலோ தரை மெத்தையிலோ படுப்பவர்களுக்கு இந்தத் தொட்டில் தேவையே இல்லை, இணைக்கவும் முடியாது. அம்மாவின் படுக்கையை ஒட்டாமல், கை எட்டும் தூரத்தில், தரையில் குழந்தைக்கென்று தனியாக ஒரு கெட்டியான தட்டை விரிப்பு போட்டால் போதும். ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

எத்தனை நாள் உழைக்கும் என்பதும் விலையைப் பற்றி முடிவெடுக்க உதவும். 6 மாதம் அல்லது 9 கிலோ என்று பல பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். எடையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 6 மாதத்தில் ஆண் குழந்தையின் நடு எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3 கிலோ. 9 கிலோ ஆகும் முன்பே குழந்தை புரளும், கையை ஊன்றி எழும்பும். அந்த அறிகுறி தெரிந்த அன்றே உயரமான பக்கங்கள் கொண்ட பெரிய தொட்டிலுக்கு மாற்ற வேண்டும். சில மாதங்களுக்கு மட்டும் என்பதால் உறவினர் வீட்டிலிருந்து இரவல் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் நல்ல யோசனைதான். அப்படி எடுக்கும்போது முதலில் தேட வேண்டியது பெல்ட்களையும் பக்கிள்களையும். பழைய தொட்டில்களில் தொலைந்துபோவது அவைதான். அவை இல்லாத தொட்டிலை நான்காவது பக்கத்தை ஏற்றிப் பூட்டி மட்டுமே பயன்படுத்துங்கள், கயிற்றால் கட்டிலோடு கட்டிச் சமாளிக்க வேண்டாம்.