கையில் கசங்கும் சித்திரம்

சென்ற மாசி மாதக் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய பேத்தி பெரிய அட்டைக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வடக்கே ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்கிறவள். லீவுக்கு வந்திருந்தாள்.

"தாத்தா, இதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

திறந்து பார்த்தேன். அத்தனையும் ரூபாய் நோட்டுகள்! பத்து முதல் ஐந்நூறு வரை, அவளாகவே வரைந்தவை. நம் நாட்டு நோட்டுகளுக்குப் புதிதாகச் சித்திரம் போட வேண்டும் என்பது கல்லூரியில் கொடுத்த வேலையாம். அவள் தன் ஊரையே எடுத்துக்கொண்டிருந்தாள். பத்து ரூபாயில் மலைக்கோட்டை, ஐம்பதில் கல்லணை, ஐந்நூறில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். கோடுகளில் பிசகு கிடையாது. சில்பியின் கோபுரங்களைப் பழைய ஆனந்த விகடனில் தேடிப் பிடித்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்பது தெரிந்தது. அந்த மட்டும் எனக்குச் சந்தோஷந்தான்.

ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டபடியே உண்மையைச் சொன்னேன். "காலண்டர் மாதிரி இருக்கு, அம்மா" என்றேன். பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

ராஜகோபுரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் இளமையில் அது மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987இல்தான் பதின்மூன்று நிலைகளும் முடிந்து 236 அடிக்கு எழுந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் கோபுரம் வேறு, நோட்டில் கோபுரம் வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு பழைய நோட்டு உதவியது.

1954இல் ரிஸர்வ் பாங்க் ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் இருந்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயில்! தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்று நேயர்கள் நினைக்கலாம். அந்த நாளில் ஆயிரம் ரூபாய் நோட்டை யார் கண்டார்கள்? மில் முதலாளிகள் கண்டிருப்பார்கள், பெரிய வியாபாரிகள் கண்டிருப்பார்கள். கோயில் வாசலில் தேங்காய் விற்றவனோ, கோயில் நிலத்தில் நாற்று நட்டவளோ தங்கள் கோபுரம் அச்சாகியிருப்பதை ஆயுசில் ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1978 ஜனவரியில் பெரிய நோட்டுகள் செல்லாது என்று சர்க்கார் அறிவித்தபோது அந்தக் கோபுரமும் போயிற்று. அது போனதுகூடத் தஞ்சாவூரில் பாதிப் பேருக்குத் தெரிந்திராது.

அந்தக் காலத்தில் ஜனங்களின் கையில் புழங்கியவை வேறு படங்கள். ஐந்து ரூபாயில் மான், பத்து ரூபாயில் பாய்மரக் கப்பல், நூறு ரூபாயில் யானை. பிற்பாடு ஐந்து ரூபாய்க்கு டிராக்டர் வந்தது. இவற்றைப் பெரிய கலை என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் எழுத்துத் தெரியாத என் பாட்டி "மான் நோட்டு", "கப்பல் நோட்டு" என்று சொல்லித்தான் கணக்குப் பார்ப்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. சித்திரம் அவளுக்கு எண்ணாகவே இருந்தது.

இன்றைய நோட்டுகளுக்கு வருகிறேன். 2016க்குப் பிறகு வந்தவற்றின் பின்புறங்களைப் பாருங்கள்: பத்தில் கோணார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, நூறில் குஜராத்தின் ராணி கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. இரண்டாயிரம் மட்டும் மங்கள்யானைத் தூக்கிக்கொண்டு பறந்தது. 2023 மே மாதத்தில் அதையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ரிஸர்வ் பாங்க் அறிவித்துவிட்டது. மற்ற அத்தனையும் கல். நல்ல கல்தான், சந்தேகமில்லை. ஆனால் சுற்றுலா இலாகாவின் ஆல்பத்தைப் புரட்டுவதுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. மனித முகம் என்று இருப்பது முன்புறத்துக் காந்தி ஒருவருடையதுதான். 1946இல் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது அது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நோட்டு முழுவதிலும் உயிர்ச் சலனம் என்று சொல்ல ஒன்றும் இராது.

"அப்போ எதைத்தான் வரையறது?" என்று கேட்டாள் பெண். நியாயமான கேள்வி.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள் என்று அவளே சொன்னாள். என்னைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் பல தேசங்கள் சேர்ந்து யூரோ நோட்டு அச்சிட்டபோது, எந்த தேசத்துக் கட்டடத்தைப் போட்டாலும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்று, எங்குமே இல்லாத பாலங்களை ஆஸ்திரியாக்காரர் ராபர்ட் கலினா கற்பனையில் வரைந்தார். பிறகு ஹாலந்து தேசத்து ஸ்பைக்கெனிஸே என்ற ஊரில் அந்தக் கற்பனைப் பாலங்களைப் பார்த்து நிஜமாகவே பாலம் கட்டிவிட்டார்களாம்! கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா? அதே ஹாலந்தில் ஓக்ஸெனார் என்ற சைத்ரிகர் ஒரு நோட்டில் சூரியகாந்திப் பூவையும், இன்னொன்றில் கலங்கரை விளக்கத்தையும் போட்டார். ஸ்பினோஸா என்ற தத்துவ ஞானியின் தலைமயிருக்குள் தம் கைரேகையையே ஒளித்துவைத்தார். இந்தக் குறும்பை நம் சர்க்கார் இலாகாவில் யாராவது செய்திருந்தால் எத்தனை விசாரணைக் கமிஷன் நடந்திருக்குமோ!

பெண்ணுக்கு ஆதரிசம் இவர்கள் யாரும் இல்லை. "நம்ம உதயகுமார்" என்று பெருமையாகச் சொன்னாள். ரூபாய்க்கு ஒரு குறி வேண்டுமென்று 2009இல் மத்திய சர்க்கார் போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் வந்தன. கடைசி ஐந்தில் ஒன்றாக நின்று, 2010 ஜூலை 15ஆம் தேதி மந்திரிசபை ஏற்றுக்கொண்ட குறி, பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழர் உதயகுமாருடையது. நாகரி 'ர'வையும், காலை எடுத்துவிட்ட ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, தலையில் இரண்டு கோடு. தமிழ் எழுத்தில் ஊறியவர் செய்த குறியில் தமிழ் எழுத்தின் சாயல் இல்லையே என்று சிலருக்குக் குறை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதில் 'ரூ' என்ற எழுத்து வந்தபோது நாடெங்கும் பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கும். என்னைப் போன்ற பழம் பேர்வழிகளுக்கு இரண்டுக்கும் முந்திய ஒரு குறி, '௹', கணக்குப் புஸ்தகங்களில் பழக்கம். அரசியலை விட்டுவிட்டுச் சித்திரமாகப் பார்த்தால் உதயகுமாரின் குறி கெட்டிக்காரத்தனமானது. பென்ஸிலைக் காதில் செருகியிருக்கும் மளிகைக் கடைக்காரர் அதைக் கண நேரத்தில் சிட்டையில் போட்டுவிடலாம். கையில் வருகிறது. நான் பார்ப்பது அதைத்தான்.

மறுநாள் காலையில் அவளைச் சமயபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். பூச்சொரிதல் ஆரம்பமாகியிருந்தது. பக்தர்களுக்காக மாரியம்மனே இருபத்தெட்டு நாள் பட்டினி விரதம் இருக்கும் காலம். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகக் கூட்டம் நெரிந்தது. கொள்ளிடத்தைத் தாண்டும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்: "அம்பாளை அப்புறம் பார்க்கலாம். முதலில் நோட்டைப் பார்."

ஒரு பூக்கடைக்கு எதிரில் நின்றோம். கடைக்கார அம்மாள் நோட்டை வாங்குகிறாள், பார்ப்பதுகூட இல்லை. நீளவாக்கில் மடித்து, பத்தை இடது விரலிடுக்கில், நூறை இடுப்புச் சுருக்குப்பையில். ஈரக் கை, குங்குமம் பட்ட கை, கற்பூரக் கை. கோணார்க்கின் சக்கரம் நாலாக மடிந்து வேர்வையில் ஊறிக் கிடக்கிறது. எந்தச் சித்திரக்காரனும் இந்தக் கதியை எண்ணித்தான் கோடு போட வேண்டும்.

சற்றுத் தள்ளி, வெற்றிலை பாக்குக் கடையில் கண் தெரியாத ஒருவர் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தார். விரலால் நோட்டின் நீளத்தை அளந்தார், மறுபடி அளந்தார், பக்கத்தில் நின்ற பையனிடம் காட்டிக் கேட்டார். இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இப்போதைய நூறு ரூபாயின் நீளம் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. நூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே எட்டே எட்டு மில்லிமீட்டர்! நூறும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் தடவிப் பார்க்கப் புடைப்பான அடையாளங்கள் உண்டு. முக்கோணம், வட்டம், ஓரக் கோடுகள். ஆனால் நாலு சந்தை ஏறி இறங்கினால் புடைப்புத் தேய்ந்துபோகிறது. பார்வையற்றோர் சங்கம் பம்பாய் ஹைகோர்ட் வரை போயிற்று. 2020 ஜனவரியில், நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ஒரு ஸெல்போன் செயலியை ரிஸர்வ் பாங்க் கொடுத்தது. அவர் விரல் செய்ய வேண்டிய காரியத்துக்கு இனி ஒரு ஸெல்போன் வேண்டும். செங்கோட்டையை எத்தனை அழகாக வரைந்து என்ன?

தரிசனத்துக்குப் போகும் வழியில்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. தட்டுத் தட்டாக வெள்ளித் தகட்டு உருவங்கள் விற்கிறார்களே, கண், கை, கால், தொட்டில், வீடு என்று, அங்கே நின்றுவிட்டாள். கண் நோய் தீர்ந்தவர்கள் கண்ணை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். பிள்ளை பிறந்தவர்கள் தொட்டிலைப் போடுகிறார்கள். மெல்லிய தகட்டில் புடைத்த நாலே கோடு. இருட்டிலும் விரலுக்குத் தெரியும். கையெழுத்து இல்லை, வாக்குறுதி வாசகம் இல்லை. ஆனாலும் கொடுத்தவரும் ஏற்றுக்கொண்டவளும் மதிப்பை மாற்றிச் சொன்னதில்லை. ஒரு கையும் ஒரு காலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அம்மனை நோட்டிலே போடலாமா தாத்தா?" என்றாள். கூடாது என்றேன். இந்தோனேஷியாவில் 1998ஆம் வருஷத்து நோட்டு ஒன்றில் பிள்ளையார் இருந்தார் என்று வாதித்தாள். இருக்கட்டும். நோட்டு போகிற இடங்களுக்கெல்லாம் அம்மனை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. வேற்று மதத்தார் கையில் திணிப்பதும் நியாயமில்லை.

ஆடி மாதத்தில் அவளுடைய இரண்டாவது வரிசை தபாலில் வந்தது. கோபுரங்கள் அத்தனையும் போய்விட்டன. ஒவ்வொரு நோட்டிலும் ஒரு ஜோடிக் கை. பத்து ரூபாயில் பூக்கட்டும் கை. ஐம்பதில் உறையூர்த் தறியில் நாடா எறியும் கை. நூறில் திருச்சியின் குடிசைத் தொழிலான செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் கை. வெள்ளித் தகட்டைப் போலவே தடித்த, சிக்கனமான கோடு. ஒன்றுக்கொன்று தாராளமாக நீள வித்தியாசம். தறிக் கையைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தைப் படிக்கவே இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. இருநூறில் பொன்மலை ரயில்வே பட்டறைக் கை சோடையாக இருக்கிறது. ஸ்பானர் பிடித்த கை எப்படி முறுக்கேறும் என்று அவள் கண்டதில்லை. ஐந்நூறில் ஒரு கை இன்னொரு கைக்கு நோட்டைக் கொடுக்கிறது. அது வெறும் சமத்காரம். இதைவிட முக்கியமானது பாஷை விஷயம். நம் நோட்டின் பின்புறத்துப் பதினைந்து பாஷைப் பட்டியலில் தமிழ் பதின்மூன்றாவது. இங்கிலீஷ் அகராதி வரிசை அப்படி. அவள் தமிழை மேலே தூக்கிப் பெரிதாகப் போட்டுவிட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் மொரீஷியஸ் தீவில் நடந்ததை அவளுக்கு எழுதினேன். அங்கே நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் இருந்தது, தமிழ் எண்களோடுகூட. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. தீவுத் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள்; மறு வருஷம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் புதிதாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஒரு வரி கீழே போனதற்கு அத்தனை வலி என்றால், மேலே போன வரிக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் வலிக்குமல்லவா? இதற்கு அவள் நாலு பக்கம் மறுப்பு எழுதியிருக்கிறாள். இன்னும் நான் பதில் போடவில்லை. சில வாதங்களுக்கு என்னிடம் பதிலும் இல்லை.

பத்து ரூபாயைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது. பூக்கட்டும் அந்தக் கையைப்போல் ஒரு சித்திரம் நம் நோட்டில் இதுவரை வந்ததில்லை என்று அவளுக்கு எழுதியும்விட்டேன். சென்ற வாரம் சமயபுரம் போனபோது அதை எடுத்துப்போய் அதே பூக்கடை அம்மாளிடம் காட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"படம் லட்சணமாத்தான் இருக்கு சாமி. ஆனா நாரை இப்படிப் பிடிச்சா சுருக்கு விழாதே. ரெண்டு முழம் போறதுக்குள்ள பூவெல்லாம் உதிர்ந்துடும்" என்றாள். பிறகு கூடையிலிருந்து நாலு மல்லிகையை எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கட்டிக் காட்டினாள். அந்த நாலு பூவையும் நாரோடு ஓர் உறையில் போட்டு, பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன்.