உப்புப் பிடித்த வயர்

வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருந்த பலநாள் படகொன்றின் கூரையில் வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது. சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்த அளவுதான். படகு கடலில் எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாகக் கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் கருவி அது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டபோது, ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கச் சரியான ஏற்பாடு இல்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. அதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கூரைகளில் குமிழ்கள் முளைத்தன. மறு வருடம் தடையும் நீங்கியது.

என் நாவலில் இப்படியொரு படகு ஓரிரவில் திரையிலிருந்து மறைய வேண்டும். அதற்காகத்தான் கொப்பியோடு போயிருந்தேன். அலைவரிசை என்ன, எத்தனை மணிக்கொரு தடவை தகவல் போகும், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனேன். படகுக்காரர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பெட்டிக்கு நாங்க எங்க நிக்கிறம் எண்டு தெரியும் தம்பி. ஏன் நிக்கிறம் எண்டு தெரியா.”

கொப்பியில் அன்று எழுதியதில் உருப்படியாக நின்றது அந்த ஒரு வரிதான்.

டெக்னோ த்ரில்லர் என்ற வகைக்குத் தமிழில் ஒட்டிக்கொள்ளும் பெயர் இன்னும் அமையவில்லை. விஞ்ஞானக் கதைக்கும் இதற்கும் உறவு உண்டு, ஆனால் வீடு வேறு. இதில் வரும் கருவி இன்றைக்கே இருப்பதாகவோ, நாளைக் காலையில் வந்துவிடக்கூடியதாகவோ இருக்க வேண்டும். 1984 இல் வந்த ‘தி ஹன்ட் ஃபோர் ரெட் ஒக்டோபர்’ நாவலை எழுதிய டொம் கிளான்சி கடற்படையில் சேவை செய்தவர் அல்லர், மேரிலாண்டில் காப்புறுதி விற்றவர். நீர்மூழ்கியின் உள்விவரங்களை எல்லாரும் வாங்கக்கூடிய புத்தகங்களிலிருந்தும் பேச்சுகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தார். மைக்கேல் கிறைட்டன் வேறு ரகம். 1969 இல் ‘தி அன்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்’ வந்தபோது அவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவர். நாவலின் கடைசியில் ஆய்வேடு போல ஆதாரப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார், அதில் இல்லாத கட்டுரைகளையும் கலந்து வைத்தார். பொய்யை அடிக்குறிப்போடு சொன்னால் வாசகர் நம்பிவிடுவார் என்பதை அவரளவுக்குக் குறும்பாகக் காட்டியவர்கள் குறைவு.

தமிழில் இந்த இடத்துக்கு யார் வந்தாலும் சுஜாதாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்குக் கருவி புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். அந்த இயந்திரத்தின் முதல் கதையே ஒரு த்ரில்லர். 1982 இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் அதை வைத்தார்கள். தோற்றவர் நீதிமன்றம் போனார். 1984 இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவு செல்லாது என்றது. இயந்திரம் தப்பாக எண்ணியதென்று அல்ல, அதைப் பாவிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று! மறு வாக்குப்பதிவில் முடிவே மாறிப்போனது. சட்டத்தைத் திருத்தி வழி விட 1989 ஆயிற்று. சில்லு ஒழுங்காக வேலை செய்து, வாக்கியம் ஒன்று இல்லாமல் போனதால் எல்லாம் கவிழ்கிற அந்தச் சம்பவத்துக்குள் ஒரு நாவல் முழுசாகக் கிடக்கிறது.

‘கொலையுதிர் காலம்’ என்ற நாவலில் அவர் லேசரையும் ஹொலோகிராமையும் கொண்டுவந்தார். ஆவியா, ஒளியா என்று அவருடைய வழக்கறிஞர் பாத்திரங்களான கணேஷும் வசந்தும் மோதிக்கொள்ளும் அந்தக் கதையில் தொழில்நுட்பம் விடையாக வந்து உட்கார்ந்துவிடவில்லை, சந்தேகத்தின் ஒரு பக்கமாக நின்றது. பின்னால் வந்த பலர் அவரிடமிருந்து கலைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாத நாவல்களில் ‘சர்வர்’, ‘கோட்’, ‘சாட்டிலைட்’ எல்லாம் வரும். அவற்றைத் தூக்கிவிட்டுச் சாவி, பீரோ, டெலிபோன் என்று போட்டாலும் கதை நடக்கும்.

விதிவிலக்காக எனக்குப் பட்டது சுதாகர் கஸ்தூரியின் ‘6174’. தலைப்பு, தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் கண்ட எண். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். நாவலைப் படித்து முடித்த இரவு நான் 2021 ஐப் போட்டுப் பார்த்தேன். 2210 இலிருந்து 0122 போக 2088. 8820 இலிருந்து 0288 போக 8532. 8532 இலிருந்து 2358 போக 6174. மூன்றே படி. இப்படி வாசகரின் கையில் பென்சிலைக் கொடுக்கத் தெரிந்த நாவலாசிரியருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இலங்கைத் தமிழில் இந்த வகை ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதற்கு எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு, வீரகேசரிப் பிரசுரங்கள் என்று ஒரு பதிப்பு வரலாறு சொல்லலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது யுத்தம். வடக்குக்குப் பெற்றரி கொண்டுபோகத் தடை இருந்த நாடு இது. கருவியைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவனை யாரும் எழுத்தாளன் என்று நினைக்கமாட்டார்கள். அந்த நாட்களில் ஒருமுறை ரேடியோ பற்றிய குறிப்புகளோடு சோதனைச் சாவடியில் மாட்டி, கதை எழுதுகிறேன் என்று விளக்கப் பாதி நாள் போனது. விளக்க விளக்கச் சந்தேகம்தான் கூடியது.

வாழைச்சேனைக்குப் பக்கத்து ஓட்டமாவடியின் எழுத்து என்றால் எஸ்.எல்.எம். ஹனீபாவின் பெயர் முதலில் வரும். ‘மக்கத்துச் சால்வை’ தந்தவர். தொழிலால் கால்நடைத் துறைக்காரர். மாடும் காடும் வாவியும் அவர் எழுத்தில் தொட்டுப் பழகியவையாக வருகின்றன. சுஜாதாவுக்குச் சில்லு எப்படியோ அவருக்கு மாடு அப்படி. ஆராய்ச்சி என்று நான் ஓடித் திரிவது, இவர்களுக்குச் சம்பளத்தோடு கிடைத்ததைக் கடனுக்கு வாங்கத்தான்.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு விஷயம் ஓடாமலே வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது. 2003 இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான மலிக் பீரிஸ், நம் நாட்டில் பிறந்தவர், நீர்வழிப் பரவல் வாதத்தை ஏற்கவில்லை. அரசே அமைத்த நிபுணர் குழுவொன்றும் எரிக்கவும் புதைக்கவும் இடம் உண்டென்றது. அந்த டிசம்பரில் இருபது நாள் முஸ்லிம் குழந்தையொன்றை எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனங்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. முதலில் இரணைதீவு என்றார்கள், அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 அன்று ஓட்டமாவடிப் பிரதேசத்தின் சூடுபத்தினசேனையில், மஜ்மா நகரில், முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஒரு வருடத்தில் 3,600 க்கும் அதிகம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில், கட்டாயமாக எரித்ததற்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நடப்பது 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் பிறப்புக்கும் இறப்புக்கும் அரசின் கை தேவை. எண்பதுகளில் அதைத் தொடராகப் படித்தவர்களுக்கு அது கற்பனை.

இந்த வைரஸ் கதையை த்ரில்லராக எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் நச்சரித்தார். நீரியல் படித்தேன். மணலில் நீர் இறங்கும் விதம், கிணற்று மட்டம், வைரஸ் உயிரற்ற உடலில் தங்கும் காலம் என்று ஒரு கட்டுக் குறிப்பு சேர்ந்தது. எழுத உட்கார்ந்தால், மஜ்மா நகர் மயானத்தில் வரிசையாக நின்ற இலக்கமிட்ட கற்களைத் தாண்டிப் போக முடியவில்லை. கொழும்பிலிருந்து வந்து, தொலைபேசியில் எழுதி வைத்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கல் தேடும் மகனுக்கு, அடுத்த அத்தியாயத்தில் யார் துரத்தி வருகிறார்கள் என்பதில் என்ன அக்கறை இருக்கும்? த்ரில்லருக்கு ஒளிந்திருக்கும் உண்மை ஒன்று வேண்டும். இங்கே உண்மையை எல்லாரும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் குறிப்புக் கட்டு அலுமாரியில் இருக்கிறது.

படகு நாவலுக்குத் திரும்பினேன். பெட்டியின் உள்ளமைப்பை விளக்கிய பன்னிரண்டு பக்கங்களைக் கிழித்தேன். கடன், ஐஸ் விலை, மழையிருட்டில் எல்லை தாண்டிப்போன இஞ்சின் என்று, ஏன் நிற்கிறார்கள் என்பதை எழுதினேன். மறையும் அத்தியாயத்தை அதே படகுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். கதாநாயகன் நள்ளிரவில் கூரையேறி, திருப்புளி கொண்டு மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு இணைப்பைத் துண்டிக்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

அவர் முழுக்கக் கேட்டார். “எல்லாம் சரிதான் தம்பி. ஆனா அவன் ஏன் மேல ஏறுறான்? உப்புப் பிடிச்சி அந்த வயர் பெற்றரியடியிலயே உக்கிப் போயிருக்கும். கையால இழுத்தா வந்திரும்.”